மத்தியானம் ஆனால் வெட்டு கெடுகிறது: வேகமா, காற்றா?

பட்டறைத்தம்பி (பகாவ், மலேசியா)
அண்ணன்மாரே, செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கு 10 மிமீ இரும்பு பிளேட் வெட்டுகிறேன். 65 ஆம்ப் ஏர் பிளாஸ்மா (அழுத்திய காற்றும் மின்சாரமும் சேர்ந்து இரும்பை உருக்கி வெட்டும் மெஷின்), கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மேசை, வெட்டும் முனையான டார்ச்சின் உயரத்தை மெஷினே வோல்டேஜ் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். காலையில் விளிம்பு அழகாக வருகிறது. மத்தியானத்துக்கு மேல் அடியில் கசடு கட்டி கட்டியாகத் தொங்குகிறது. சுத்தியலால் தட்டினால் விழுந்துவிடும். ஆனாலும் விளிம்பு சாய்ந்துவிடுவதால் வெல்டிங்கில் இடைவெளி விழுகிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது.

தீப்பொறி
தம்பி, நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். தட்டினால் விழும் தடித்த கசடு மெதுவாக வெட்டுவதால் வருவது. டார்ச் மெதுவாகப் போனால் ஆர்க் (டார்ச்சிலிருந்து இரும்புக்குப் பாயும் மின்சுடர்) இரும்பைத் தேடி அகலமாகிறது, உருகியதைக் கீழே தள்ளும் வேகம் காற்றுக்கு இருக்காது. வேகம் அதிகமாக இருந்தால் மெல்லிய கோடாக ஒட்டிக்கொள்ளும், கிரைண்டர் இல்லாமல் போகாது. உங்களுடையது அது இல்லை. கையேட்டில் உள்ள வேகத்துக்கே திரும்புங்கள். யாராவது காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் டிரையர் வாங்கச் சொன்னால் காசை வீணாக்காதீர்கள்.

மில்ஃபிட்டர்
தீப்பொறி அண்ணே, காலையிலும் மத்தியானத்திலும் வேகம் ஒன்றுதானே? அப்படியானால் வேகம் காரணமாக முடியாது. மாறுவது காற்று.

நம் ஊர் 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. இந்த அளவு டார்ச் நிமிடத்துக்கு 190 லிட்டர் காற்று எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 270 கிராம் தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகிறது. 7 பாருக்கு அழுத்தி, பழைய சூட்டுக்கே ஆறவிட்டால் அந்தக் காற்று தாங்குவது 45 கிராம்கூட இல்லை. மிச்சம் எங்கே போகும்? காலையில் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டி ஆறிக் கிடக்கிறது, தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். மத்தியானம் தொட்டி தொட்டால் சுடும். தண்ணீர் நீராவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, டார்ச்சுக்குள் துளியாக விழும். பாமாயில் மில் பட்டறையில் இதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன்.

தீப்பொறி
கணக்கு சரி. ஆனால் தண்ணீர் எப்படி விளிம்பைச் சாய்க்கும்? அதைச் சொல்லுங்கள். நான் இருபது வருடமாக டிரையர் இல்லாமல் வெட்டுகிறேன், தினமும் தொட்டியைத் திறந்து தண்ணீரை வடித்து விடுகிறேன், அவ்வளவுதான்.

தம்பி, முதலில் ஒரு சதுரம் வெட்டுங்கள். பிளேட்டின் ஒரே திசையில் மட்டும் சாய்ந்தால் டார்ச் நேராக மாட்டப்படவில்லை. நாலு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்தால் உயரம் தப்பு. வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றில் வெட்டுங்கள். ஆர்க் சுழல்வதால் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நல்ல பக்கம். இதைத் தலைகீழாக வைத்துவிட்டு மெஷினைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

பட்டறைத்தம்பி
வெட்டிவிட்டேன், கடிகாரச் சுற்றில்தான். வெட்டிய துண்டு நாலு பக்கமும் மேலே அகலம், அடியில் குறுகல். டார்ச்சுக்குள் ஆர்க் கிளம்பும் முனையான எலக்ட்ரோடைக் கழற்றினால் நடுவில் குழி 1.5 மிமீ. நேற்றுக் காலைதான் புதிதாகப் போட்டேன்! வெறும் காற்றை விட்டு வெள்ளைக் காகிதத்தை டார்ச் அடியில் பிடித்தேன். காலையில் காய்ந்திருந்தது, மூன்று மணிக்குப் புள்ளி புள்ளியாக நனைந்தது.

மில்ஃபிட்டர்
அண்ணன் கேட்டதற்கு விடை இதிலேயே இருக்கிறது. ஈரம் எலக்ட்ரோடின் நடுவிலுள்ள ஹாஃப்னியம் என்ற உலோகத்தை அரிக்கிறது. குழி ஆழமானால் ஆர்க் நீண்டு, அதே உயரத்தில் வோல்டேஜ் கூடும். மெஷின் அதைப் பார்த்து "டார்ச் மேலே ஏறிவிட்டது" என்று நினைத்துக் கீழே இறக்குகிறது. டார்ச் தாழ்ந்தால் அடி குறுகும், தடித்த கசடும் சேரும்.

தீப்பொறி
இதை ஒப்புக்கொள்கிறேன். என் பழைய மேசையில் உயரத்தைக் கையால்தான் வைப்பேன், அதனால் எனக்கு இது தெரியவரவில்லை. ஆனால் டிரையர்தான் முதல் வேலை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்னப் பட்டறைக்கு அது பெரிய செலவு. கம்ப்ரசரை வெயில் படாத இடத்துக்கு மாற்றி, டார்ச்சுக்குப் போகும் முன் நீளமாக இரும்புக் குழாய் ஓட்டுங்கள். கொஞ்சம் சரிவாக இருக்கட்டும், தாழ்ந்த முனையில் வடிகால் வால்வு வையுங்கள். காற்றைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அடியிலிருந்து எடுத்தால் தண்ணீரும் கூடவே வரும்.

மில்ஃபிட்டர்
குழாய் நல்ல யோசனை, நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் குழாய் காற்றை வெளிச்சூடு வரைதான் ஆற்றும். சாயங்காலம் மழை கொட்டி ஹோஸ் குளிர்ந்தால் மறுபடி துளி விழும். குளிர்பதன டிரையர் 3 டிகிரி வரை இறக்கி உள்ளேயே வடித்துவிடும். தம்பி வாரத்துக்கு எத்தனை எலக்ட்ரோடு, ஆர்க் வெளிவரும் துளையுள்ள நாசில் எத்தனை மாற்றுகிறார், அந்த ரிங்கிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பட்டறைத்தம்பி
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை குழாய் ஓட்டுகிறேன். எலக்ட்ரோடும் நாசிலும் புதிதாகப் போட்டு, கையேட்டு வேகத்திலேயே வெட்டுகிறேன். அப்புறம் தினமும் மூன்று மணிக்குக் காகிதம் பிடிப்பேன். மழை நாளில் நனைந்தால் இங்கே வந்து சொல்கிறேன்.