வங்கி வந்தால் முறைசாராத் தொழில் சுருங்குமா?

கணக்குப்பிள்ளை:
வளரும் நாடுகளில் நிதித்துறை விரிந்தால் முறைசாராப் பொருளாதாரம், அதாவது அரசுப் பதிவுக்கும் வரிக்கும் வெளியே நடக்கும் தொழில், தானாகச் சுருங்கும் என்பது என் கட்சி. வங்கிக் கடன் வேண்டுமென்றால் வருமானத்தைக் காட்ட வேண்டும், காட்டினால் வரி. கடனே கிடைக்காத ஊரில் கணக்கைக் காட்டி என்ன ஆகப்போகிறது? குறைந்த வட்டியில் கடன் கிடைக்கத் தொடங்கினால் மறைப்பதுதான் நஷ்டம்.

வெட்டிப்பேச்சு:
ஏட்டில் சரி. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்தது. வங்கிப் பக்கமே போகாதவர்கள்கூடக் கைப்பேசியில் பணம் அனுப்பினார்கள், சேமித்தார்கள். அப்புறம்? இன்றும் அங்கே வேலை செய்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முறைசாராத் தொழிலில்தான். பதிவு செய்யாத வியாபாரம் முன்னைவிடச் சுலபமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
எம்-பெசா அடிப்படையில் பணம் அனுப்பும் வழி. நான் சொல்வது தொழில் கடன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கடைசி பெஞ்ச்:
தொழில் கடனுக்கு ஈடு கேட்பார்களே! பெருவில் 1990களில் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு லட்சக்கணக்கில் பட்டா கொடுத்தார்கள். அதைக் காட்டினால் தனியார் வங்கிகள் கடன் தரும் என்று நம்பினார்கள். பெரிதாகத் தரவில்லை. சின்னக் கடனுக்காக ஏழையின் வீட்டை ஜப்தி செய்து ஏலம் விடுவது எந்த வங்கிக்குக் கட்டுப்படியாகும்?

வெட்டிப்பேச்சு:
கணக்கு வந்ததும் அரசுக்குக் கை அரிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உகாண்டா 2018இல் கைப்பேசிப் பணத்துக்கு 1% வரி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பணம் எடுப்பதற்கு மட்டும் 0.5% என்று இறங்கியது. கானா 2022இல் 1.5% போட்டு, 2025இல் ரத்தே செய்துவிட்டது. தடம் தெரிந்தால் வரி வரும் என்று ஒருமுறை பார்த்தவர் ரொக்கத்தைத்தான் நம்புவார்.

கணக்குப்பிள்ளை:
அது வரி போட்ட விதத்தின் கோளாறு. லாபத்தை விட்டுவிட்டுப் பணம் கைமாறுவதற்கே வரி போட்டால் யார்தான் ஓடமாட்டார்? ஆனால் ஈடு விஷயத்தில் கடைசி பெஞ்ச் சொல்வதை ஏற்கிறேன். பத்து ஆள் வைத்துப் பட்டறை நடத்திக்கொண்டு பாதிக் கணக்கை மறைப்பவருக்கு என் வாதம் பொருந்தும். தெருவில் கூடையோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது.

வெட்டிப்பேச்சு:
பட்டறைக்காரரை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். 2018இல் ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) போட்ட கணக்குப்படி உலகில் முறைசாரா வேலையில் இருப்பவர்கள் சுமார் 200 கோடிப் பேர். கூடைக்காரர்களைக் கழித்துவிட்டால் உங்கள் கட்சியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?