கணவன் மேல் வைப்பது பாசமா?

கும்பகோணத்துக்காரி:
என் மருமகள் புனேயில் வளர்ந்த மராத்திப் பெண். தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். என் மகன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டையில் 'உங்கள் மேல் ரொம்பப் பாசமுள்ள மனைவி' என்று எழுதிக் கொடுத்தாள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, இது தங்கச்சி எழுத வேண்டியது!" பாசம் என்றால் அன்புதானே, கணவன் மேல் மட்டும் ஏன் கூடாது என்று மருமகள் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, மராத்தியில் 'பாஷ்' என்றால் சுருக்குக் கயிறாம். அதுவும் இதுவும் ஒன்றா?

மதுரைக்காரன்:
தப்பே இல்லைங்கம்மா. 'அவருக்குச் சம்சாரம் மேல பாசம் ஜாஸ்தி' என்று எங்கள் பக்கம் மூன்றாம் மனிதர் சொல்வதுண்டு. பெண்டாட்டியே எழுதும்போதுதான் காதில் இடறுகிறது. அம்மா, தம்பி, பேரப்பிள்ளை, சொந்த ஊர் என்று தானாக ஒட்டிக்கொண்டதற்குத்தான் பாசம். வெளி ஆள் ஒருவனைப் 'பாசக்காரப் பய' என்றால் அவனைத் தம்பியாக்கிவிட்டோம் என்று அர்த்தம். காதலிக்கிற பெண் 'உங்க மேல எனக்குப் பாசம்தான்' என்றால் பையன் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஓதுவார் வீட்டுப் பேரன்:
கயிறும் இதுவும் ஒரே வடமொழிச் சொல்தான். திருக்கடையூரில் மார்க்கண்டேயன் மேல் எமன் வீசியது பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் என்கிறபோது உயிரைக் கட்டிப்போடும் ஆணவம், கன்மம், மாயைதான் பாசம். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் 'பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே' என்கிறார். அடுத்த வரியே 'நேச அருள்புரிந்து' என்று தொடங்கும். நேசம் அருளில் சேர்ந்துவிட்டது, பாசம் அறுபடுகிற பக்கம். எங்கள் அம்மா இதைத் தினமும் பாடுவார். பாடி முடித்த கையோடு எனக்குப் போன் போட்டு, 'பெத்தவ மேல பாசமே இல்லாத பய' என்று திட்டவும் செய்வார்.

கும்பகோணத்துக்காரி:
சரி தம்பி, அப்படியானால் அட்டையில் என்னதான் எழுதுவது?

மதுரைக்காரன்:
'அன்பு மனைவி' எங்கேயும் செல்லும். 'பிரியமுள்ள' கொஞ்சம் பழைய இன்லண்ட் லெட்டர் வாசனை, ஆனால் கணவன் மனைவிக்குப் பொருந்தும். 'காதல் மனைவி' என்று மட்டும் யோசித்து எழுதச் சொல்லுங்கள். படிக்கிறவர்கள் காதல் கல்யாணம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கும்பகோணத்துக்காரி:
காதல் கல்யாணமேதான். அதையே எழுதச் சொல்லிவிட்டேன்.