கேஸ்ட்ரிக் மில்: ‘அரைவைப்பை’ வேண்டாமே

நண்பர்களே,

நண்டின் இரைப்பைக்குள் இரையை அரைக்கும் அமைப்பான கேஸ்ட்ரிக் மில்லுக்குத் தமிழில் ‘அரைவைப்பை’ என்ற பெயரே போதும் என்று போன மடலில் வந்தது. எனக்கு உடன்பாடில்லை. கோழியிலும் மண்புழுவிலும் இரையை அரைக்கும் பைக்கு அந்தப் பெயரைப் பாடநூல்கள் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. கோழியில் அரைப்பது தசையும் விழுங்கிய கல்லும், நண்டில் அரைப்பது பல். இவை செயல் ஒத்தவை, அமைப்பு ஒத்தவை அல்ல; வேலை ஒன்றுதான், தோற்றம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பரிணாம உறவு படிக்க வருகிற பிள்ளை முதல் அடியிலேயே தடுக்கி விழும்.

நேற்று சமைக்க வாங்கிய நண்டிலேயே பார்த்தேன். மேலோட்டைப் பிரித்ததும் கண்களுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பை, வழக்கமாகக் குப்பைக்குப் போவது. கீறி அலசினால் பழுப்பு நிறத்தில் மூன்று பற்கள்: கூரையின் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பக்கப்பற்களில் வரிவரியாக மேடுகள். பக்கப்பற்கள் நெருங்கி இரையைப் பிடிக்க, நடுப்பல் அவற்றின் மேல் தேய்த்தபடி முன்னும் பின்னும் போய்வரும். சுற்றுவதே இல்லை, அதனால் ‘திரிகை’ எனக்குப் பிடித்த சொல் என்றாலும் பொருந்தாது. நெல் அரவை, மாவு அரவை என்று தினமும் சொல்கிறோமே, ‘இரைப்பை அரவைப்பொறி’ என்று வைக்கலாம்.

அப்புறம் ஆசிகிள், அதாவது இந்தப் பொறியின் பற்களும் அவற்றைத் தாங்குகிற சிறு துண்டுகளும். ‘சிற்றெலும்பு’ காதுக்குச் சரி, இங்கே எலும்பே கிடையாது. இவை சுண்ணாம்பேறிய கைட்டின் (நண்டோட்டிலும் இருக்கும் கெட்டியான பொருள்) தகடுகள். முன்குடலின் உட்பூச்சும் வெளியோடும் ஒரே வகைத் தோலின் வேலை என்பதால், நண்டு ஓடு கழற்றும்போது இரைப்பைப் பற்களும் சேர்ந்தே கழன்று வந்துவிடும். ஆகவே ‘சிற்றோடு’. 1880இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி, நண்டின் உறவான கிரேஃபிஷ் பற்றிய நூலில் இந்தப் பொறியை விளக்கினார். இன்று சிற்றோடுகளின் வடிவையும் இணைப்பையும் ஒப்பிட்டு நண்டுக் குடும்பங்களின் உறவைத் தேடுகிறார்கள். இறால்களில் சில கிளைகளில் பொறி சுருங்கியோ மறைந்தோ போயிருக்கிறது, அந்த இல்லாமையும் ஒரு தடயம்தான். எது எதற்கு இணை என்று பார்க்கிற இடத்தில் பெயர் குழம்பினால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

நண்டு இரைப்பையின் முதல் அறைக்குச் சொல்கிற ‘இதய இரைப்பை’யையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். மனித இரைப்பையில் இதயத்தை ஒட்டிய வாய்க்கு வைத்த பெயர் அது. நண்டில் இதயம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது, அதாவது ‘இதய’ அறையைவிட மற்ற அறைக்கே பக்கம்! முன்னறை, பின்னறை என்றால் யாருக்கும் புரியும். பின்னறையில் துகள்களை வடிகட்டும் நுண்மயிர்களுக்கு ‘வடிமயிர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது தோன்றினால் அனுப்புங்கள்.