ஒன்றரை மணி நேரப் பயிற்சி, கணக்கில் இரண்டரை

விளையாட்டுப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால், மைதானத்தில் நிற்கும் நேரத்தை மட்டும்தான் மாணவர்கள் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரப் பயிற்சியென்றால் போய்வர, உடை மாற்ற, குளித்துச் சாப்பிட இன்னொரு மணி நேரம் சேரும். இதை விட்டுவிட்டுப் போடும் டைம்டேபிள் முதல் வாரமே கலைந்துவிடும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளைக்கு 9 வீதம் தூக்கத்துக்கு 63. பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். பள்ளிக்கும் போக்குவரத்துக்கும் 45, சாப்பாடு, குளியல், வீட்டு வேலைக்கு 21. மிச்சம் 39. வாரம் நான்கு நாள் பயிற்சிக்கு 10 போனால் 29. சனிக்கிழமை முழுநாள் போட்டி வந்தால் 21 ஆகிவிடும். போட்டி உள்ள வாரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு இன்னொரு குழுவிலும் பெயர் கொடுங்கள்.

* * *

கணக்கு சரி. மிஞ்சிய நேரத்தில் எதை எப்போது படிப்பது என்பதிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணிதம், இயற்பியல் போன்றவற்றை, பயிற்சிக்குக் கிளம்புமுன் 40 நிமிடமாவது முடித்துவிட வேண்டும். களைத்து வந்தபின் புதுப் பாடம் ஏறாது. ஒரே பத்தியை மூன்று முறை படித்துக்கொண்டு பதினொரு மணி வரை உட்கார வேண்டியதுதான். பயிற்சிக்குப் பிறகு படம் வரைவது, ரெக்கார்டு எழுதுவது, அன்று வகுப்பில் நடந்ததைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது போதும்.

* * *

போட்டிக்காக வகுப்பைத் தவறவிட்டால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அவசரம் கிடையாது. கணக்கு வகுப்பு ஒன்று போனால் மறுநாள் வகுப்பும் புரியாது, அதை அன்றிரவே பிடித்துவிடுங்கள். வரலாறு ஞாயிறு வரை காத்திருக்கும். போட்டிக்குப் போகும் முன்பே ஆசிரியரிடம் கேளுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எந்தப் பயிற்சிக் கணக்குகள் என்று. "என்ன நடந்தது?" என்று பிறகு நண்பனிடம் கேட்டால் பாதிதான் கிடைக்கும். நோட்டைப் போட்டோ எடுத்து வைப்பதும் படித்ததாகாது, கையால் ஒரு கணக்காவது போட்டுப் பாருங்கள்.

* * *

நாடகம், நடனம் செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று: ஒத்திகை நேரம் மாதம் முழுக்க ஒரே சீராக இருக்காது, மேடையேறும் வாரத்தில் இரண்டு மடங்காகும். அந்த வாரத்துக்குரிய வீட்டுப்பாடத்தை முந்தைய வாரமே தொடங்கிவிடுங்கள்.

தேர்வு வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று வாரத்துக்கு முன்பிருந்து பாதியாகக் குறைத்தால் போதும். வாத்தியம் வாசிக்கும் பிள்ளைக்கு நாளைக்கு 20 நிமிடம் விடுங்கள். அடியோடு விட்டால், தேர்வு முடிந்தபின் விரல் பழைய வேகத்துக்கு வர நாளாகும்.