எண்ணெய் அழுத்த சுவிட்ச்: ‘மூடுமா’, ‘தொடுமா’?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தோட்ட டிராக்டர் ஒன்றின் பழுதுநீக்கக் கையேடு தமிழாகிறது. கோலர் கமாண்ட் வரிசை, இரட்டைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொழிற்பயிற்சி வகுப்புக்கு உடனே வேண்டும்.

இடிக்கும் வரி இதுதான்: “எண்ணெய் அழுத்த நிலைமாற்றி (சுவிட்ச்) இயல்பில் மூடியிருக்கும், அழுத்தம் 3 முதல் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறினால் திறக்கும்.” (பி.எஸ்.ஐ. அழுத்த அலகு.) இதைப் படித்த மாணவர்கள், எண்ணெய் போகும் துளைதான் திறக்கிறது என்று புரிந்துகொள்கிறார்கள். என்ன சொல் போடலாம்?

மடல் 2 (தமிழாசிரியர்)

முதலில் ‘எண்ணெய்’யைக் கவனியுங்கள். எள்+நெய்தான் எண்ணெய். எஞ்சினில் ஊற்றுவது எள்ளிலிருந்து வந்ததன்று. வண்டி அச்சுக்கு இட்ட ‘மசகு’ நம்மிடம் இருக்கிறது. ‘மசகழுத்தச் சொடுக்கி’ எனலாம்.

எரிபொருளுக்குத் தீ மூட்டும் அமைப்பைக் கையேட்டில் ‘இக்னிஷன்’ என்றே விட்டிருப்பதும் தகாது. தீக்கடைகோலுக்கு ‘ஞெலிகோல்’ என்று பெயர். புறநானூறு 315இல் ஔவையார் அதியமானுக்கு உவமையாக்கியது அதைத்தான். ஞெலிதல் கடைதல். அதிலிருந்து ‘ஞெலிப்பு’ என்று ஆக்கினால் சிறு சொல்லின் சுருக்கமும் தொன்மையும் சேர்ந்து கிடைக்கும்.

மடல் 3 (பட்டறை ஆசிரியர்)

ஐயா, மண்ணெண்ணெய் என்று சொல்லப் பழகிய நாளிலேயே எள் போய்விட்டது. ஞெலிதல் உரசித் தீ எடுப்பது. இங்கே காந்தமும் கம்பிச்சுருளும் (காயில்) சேர்ந்து பிளக்கில் பொறி தாவ வைக்கின்றன. உரசல் கிடையாது. ‘பொறி’ என்றாலும் சிக்கல்தான்: எஞ்சினும் பொறி, ஸ்பார்க்கும் பொறி. ‘பொறியில் பொறி வரவில்லை’ என்று அச்சிட முடியாது.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் இங்கே ஆபத்து. குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும். மின்சுற்றை மூடினால் கரண்ட் ஓடும். இந்த சுவிட்ச் எண்ணெய்ப் பாதையிலும் இருக்கிறது, மின்சுற்றிலும் இருக்கிறது. மாணவன் குழம்பத்தான் செய்வான்.

‘ஆன்/ஆஃப்’ என்று எழுதித் தப்பவும் வழியில்லை. மேக்னட்டோ எஞ்சினில், அதாவது காந்தத்தால் பொறி எடுக்கும் எஞ்சினில், சாவியை ஆஃபுக்குத் திருப்பினால், நிறுத்தும் வயர் எஞ்சினின் உலோகப் பாடியைத் தொட்டுப் பொறி நிற்கும். ஆனில் அந்தத் தொடர்பு விட்டுப்போகும். பெயர் ஆஃப், உள்ளே முனை தொட்டிருக்கிறது!

ஆகவே தொடும் / விடும். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது முனை தொட்டிருக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் உள்ளிருக்கும் சவ்வு முனையைத் தள்ளி விடுவிக்கும், விளக்கு அணையும்.

சோதனைப் பகுதியையும் இதே சொற்களில் எழுதலாம்:

“சாவி ஆனில், எஞ்சின் ஓடாதபோது விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்சின் வயரைக் கழற்றி எஞ்சின் பாடியில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்ச் போச்சு. எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், வயர்.

ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி எண்ணெய் மட்டம் பாருங்கள். மட்டம் சரியென்றால், எஞ்சின் நின்றபடியே சாவியை ஆனில் வைத்து வயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ உரசிப் பாடியைத் தொடுகிறது. அணைந்தால் உடனே புது சுவிட்ச் வாங்காதீர்கள். சுவிட்ச் இருக்கும் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி உண்மை அழுத்தத்தை அளந்த பிறகே முடிவு.

பொறி வராவிட்டால், நிறுத்தும் வயரை இக்னிஷன் மாட்யூலிலிருந்து (காயில் உள்ள பெட்டி) கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுங்கள். பொறி வந்தால் குற்றம் சாவி சுவிட்ச், சீட் சுவிட்ச், வயர் இவற்றில். வராவிட்டால் மாட்யூல், அல்லது அதற்கும் சுழல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. அந்த வயர் கழன்றிருக்கும்வரை சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது.”

கடைசி வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மடல் 4 (யாழ்ப்பாணத்திலிருந்து)

எங்கட பாடநூல்களில் இது ‘அமுக்கம்’, சுவிட்ச் ‘ஆளி’. ‘எண்ணெய் அமுக்க ஆளி’ என்றால் மின்னழுத்தத்தோடு மோதாது. ‘அழுத்த சுவிட்ச்’ என்றால் விரலால் அழுத்தும் சுவிட்ச் என்றும் படலாம். இன்னொன்று: எங்களுக்குச் சாவி ‘திறப்பு’. ‘திறப்பு சுவிட்ச் திறந்திருக்கும்’ என்று வந்தால் இரட்டைக் குழப்பம். தொடும்/விடும் இரு கரைக்கும் பொருந்தும்.

மடல் 5 (தமிழாசிரியர்)

‘அமுக்கம்’ ஏற்கத்தக்கதே, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும். ஆனால் தொடும்/விடும் வினைமுற்றுகள். கலைச்சொல்லுக்குப் பெயர் வேண்டாமா? இயல்பில் தொட்டிருப்பதை ‘இயல்தொடு’, விட்டிருப்பதை ‘இயல்விடு’ என்று வினைத்தொகை போல ஆக்கினால் ‘இயல்தொடு சொடுக்கி’ கிடைக்கும்.

மடல் 6 (பட்டறை ஆசிரியர்)

‘இயல்தொடு’ நன்றாக இருக்கிறது ஐயா. படத்தில் எழுத இடமும் குறைவாகப் பிடிக்கும். ‘சொடுக்கி’ மட்டும் வேண்டாம். இதை யாரும் சொடுக்குவதில்லை, எண்ணெய் தள்ளுகிறது.

மடல் 7 (மொழிபெயர்ப்பாளர்)

‘சொடுக்கி’க்கு மறுப்பு இருப்பதால் ‘எண்ணெய் அழுத்த சுவிட்ச் (இயல்தொடு)’ என்று அச்சுக்குப் போகிறது. ‘அமுக்கம்’, ‘ஆளி’ இரண்டும் சொல்லடைவில் இணைச்சொற்களாக வரும். மூடு, திற என்ற சொற்கள் எண்ணெய்ப் பாதைக்கு மட்டும். இக்னிஷன் இந்தப் பதிப்பில் அப்படியே.

மடல் 8 (தமிழாசிரியர்)

‘இக்னிஷன்’ பற்றிய என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஞெலிப்பு வேண்டாமென்றால் ‘பற்றவைப்பு’ இருக்கிறதே; அடுப்பங்கரையில் அன்றாடம் புழங்கும் சொல் அது. அதை ஏன் ஒருவரும் எடுத்துப் பேசவில்லை?