டிடி ஊசி போடாத பிள்ளையை வகுப்பில் உட்கார விடாமல் இருக்கலாமா?

குழு உறுப்பினர் கேட்டது:
வணக்கம். 5-ஆம் வகுப்புக்கும் 10-ஆம் வகுப்புக்கும் டிடி முகாம், அதாவது ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இரண்டுக்குமான தடுப்பூசி முகாம், வரப்போகிறது. சம்மதச் சீட்டு பாதிக்குப் பாதி திரும்பி வருவதில்லை. "ஊசி போட்டால்தான் வகுப்பு" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி முடியுமா? முடியாதென்றால் வேறு வழி என்ன?

வேம்பு:
வேண்டாங்க, நிற்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி தொடக்கக் கல்வி, அதாவது 8-ஆம் வகுப்பு, முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். ஆனால் கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள்: யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, போடாதவருக்குக் கட்டுப்பாடு விதித்தால் அது ஆபத்தின் அளவுக்கு மீறி இருக்கக் கூடாது. ரணஜன்னி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதே இல்லை. தொண்டை அடைப்பான் தொற்றும்தான். ஆனால் இந்த ஊசி கிருமியின் நஞ்சைத்தான் முறிக்கிறது. கிருமி தொண்டையில் தங்குவதை முழுசாகத் தடுக்காது. அப்புறம் எந்த நியாயத்தில் வாசலில் நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. 2019 ஜனவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் பெற்றோரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்றது. சீட்டு வரவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊசி போட்டுவிடாதீர்கள்.

கடலோரம்:
சட்டம் சரி. அதற்காகக் "கட்டாயம்" என்ற சொல்லையே தூக்கி எறிய வேண்டுமா? 2016-இல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் வந்து பதின்ம வயதுப் பிள்ளைகள் செத்தார்கள். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் வருஷம் போகப் போகக் குறையும். 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி போடுவதே அதற்காகத்தான்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 2015-இல் 7-ஆம் வகுப்புக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியைக் கட்டாயமாக்கியது. அங்கே ஊசியை மாநில அரசே வாங்கிக் கொடுத்தது, பள்ளியிலேயே முகாமும் நடந்தது. வர்ஜீனியாவில் 2008 முதலே மாணவிகளுக்குக் கட்டாயம்; ஆனால் பெற்றோர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அதனால் பெரிய பலன் இல்லை. வெறும் உத்தரவு எதையும் சாதிக்காது. என் கருத்து, ஊசியைக் கட்டாயமாக்காதீர்கள், தடுப்பூசி அட்டையைக் காட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். அட்டை இல்லையா, சீட்டில் "சம்மதம்" அல்லது "மறுப்பு" என எழுதிக் கையெழுத்து. மூன்றாவது வழி இருக்கக் கூடாது.

துணை சுகாதார நிலையம்:
கடலோரம் சொன்ன அந்த மூன்றாவது வழியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் விடுபடுகிறார்கள். வேண்டாம் என்று எழுதித் தருபவர் சிலர்தான். சீட்டு புத்தகப் பையோடு போயிருக்கும், அல்லது அன்று பிள்ளை லீவு. ஆகவே சீட்டை 10 நாள் முன்பே கொடுங்கள். வராதவர் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போன் பண்ணட்டும். முகாமுக்கு இரண்டாம் நாளும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். 10 டோஸ் வயல் (மருந்துக் குப்பி) வீணாகுமே என்று பயப்பட வேண்டாம். திறந்த தேதியை லேபிளில் எழுதி 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 28 நாள் வரை போடலாம், லேபிளில் வெப்பம் பட்டால் கருக்கும் உள்சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை.

முகாமைக் கெடுப்பது மயக்கம். ஒரு பிள்ளை சாய்ந்தால் வரிசையில் நிற்கும் நாலு பேர் சாய்வார்கள், சாயங்காலத்துக்குள் ஊரே "ஊசியில் கோளாறு" என்று பேசும். பயமும் வெறும் வயிறும்தான் காரணம். காலைச் சாப்பாடு ஆனதா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணில் படாதபடி தனி அறையில், உட்கார வைத்துப் போடவேண்டும். போட்டபின் அரைமணி நேரம் பெஞ்சில். மயங்கினால் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தால் போதும். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

ஐஸ் பேக்கைப் பிரீசரிலிருந்து எடுத்த கையோடு ஊசி மருந்து கொண்டுபோகும் கேரியரில் வைக்காதீர்கள். டிடி உறைந்தால் கெட்டது கெட்டதுதான். காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் வரவேண்டும், அப்போது வையுங்கள்.

குழு உறுப்பினர்:
நன்றி. "போன மாசம் ஆணி குத்தி டிடி போட்டாச்சு" என்கிறவர்களை என்ன செய்வது?

துணை சுகாதார நிலையம்:
அன்று ஊசி போட்ட இடத்தில் கொடுத்த சீட்டை வாங்கிப் பாருங்கள். காயத்துக்குப் போடும் பழைய டெட்டனஸ் ஊசியும் வாய்ப்பேச்சில் "டிடி"தான், அதனால் வரும் குழப்பம் இது. பழையது ரணஜன்னிக்கு மட்டும். அதுதான் போட்டிருக்கிறார்கள் என்றால் தொண்டை அடைப்பானுக்குப் பாதுகாப்பு கிடையாது. 4 வாரமாவது கழித்து, மருத்துவ அலுவலரைக் கேட்டு, புது டிடி போடவேண்டும். சின்ன வயதில் ஒன்றுமே போடாத பிள்ளைக்கு ஒரு ஊசி பத்தாது. முதல் இரண்டுக்கும் இடையில் 4 வாரம், மூன்றாவது அதிலிருந்து 6 மாதம் கழித்து. அந்தப் பெயர்களைத் தனித் தாளில் எழுதி எங்களிடம் கொடுங்கள், பள்ளி விடுமுறையிலும் நாங்கள் தேடிப் போய்ப் போடுவோம்.