விபத்தைக் கண்டு நிற்பவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

கேள்வி (கையேட்டுக்காரன்):
வணக்கம். சாலை விபத்து முதலுதவி பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். விபத்தில் சிக்காமலும் உதவிக்குப் போகாமலும் அவ்விடத்தில் நிற்பவர்களைக் குறிக்கப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. 'பார்வையாளர்' என்றால் விளையாட்டரங்கம் நினைவுக்கு வருகிறது. தேர்தல் ஆணையம் அனுப்பும் அதிகாரிக்கும், நோயாளியைக் காண மருத்துவமனைக்கு வருபவருக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. 'வேடிக்கை பார்ப்பவர்' என்றாலோ பழி வந்து ஒட்டிக்கொள்கிறது. சென்ற மாதம் எங்கள் தெருமுனையில் வண்டியிலிருந்து ஒருவர் விழுந்து கிடந்தபோது, பூ விற்கும் பாட்டி ஒருவர், பாதி கட்டிய சரத்தைக் கையில் பிடித்தபடி, ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிச் செல்லும்வரை அசையாமல் நின்றார். உதடுகள் மட்டும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தன. அவரை வேடிக்கை பார்த்தவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1 (தமிழாசிரியர்):
'கண்டோர்' என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். உடன்போக்காக, அதாவது வீட்டாருக்குத் தெரியாமல் சேர்ந்து, பாலை வழியில் செல்லும் தலைவனையும் தலைவியையும் எதிரே பார்த்துப் பேசுபவர்களுக்கு அகப்பாடல் மரபு வைத்த பெயர் இது. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், அவன் காலில் கழலையும் அவள் மெல்லடியில் மணத்துக்கு முன் கழற்றிவிடும் சிலம்பையும் கண்டு, இன்னும் மணமாகாதவர்கள் என்று உணர்ந்து, 'இந்த நல்லவர்கள் யாரோ' என இரங்குகிறார்கள் கண்டோர். கதைக்கு வெளியே நிற்பவர்கள்தாம், ஆனால் அவர்களுக்கு நெஞ்சு உண்டு. அதே நூலின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் குருகு என்னும் நீர்ப்பறவை வேறு வகை. தலைவன் தலைவியைக் கூடிய அன்று அவர்களைத் தவிர அங்கிருந்தது அது ஒன்றுதான். ஆனால் தினைத்தாள் போன்ற கால்களை ஊன்றி, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. பூக்காரப் பாட்டி நிச்சயமாக அந்தக் குருகு அல்லர்.

மறுமொழி 2 (யாழ்ப்பாணத்தான்):
ஆசிரியர் ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. கையேட்டில் படிப்பவருக்கு அது செய்யுள் நடையாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் 'புதினம் பார்த்தல்', 'விடுப்புப் பார்த்தல்' என்று சொல்வோம். முன்னதில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் மட்டுமே உண்டு. பின்னதில் பிறர் விடயத்தில் மூக்கை நுழைக்கும் குணமும் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 'புதினம்' என்றால் நாவல் என்று கொள்வார்கள் என்பதால் அதையும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

மறுமொழி 3 (மெய்ப்புத் திருத்துநர்):
நாளிதழ்களில் மீட்க ஓடிவந்தவர்கள் 'அக்கம்பக்கத்தினர்' அல்லது 'அவ்வழியே சென்றவர்கள்' ஆகிறார்கள். வராமல் நின்றவர்கள் 'வேடிக்கை பார்த்தவர்கள்' ஆகிறார்கள். இரண்டும் செய்தி முடிந்த பிறகு இடும் பெயர்கள். உங்கள் கையேடோ அவர் இன்னும் எதுவும் முடிவு செய்யாத நொடியில் அவரிடம் பேசுகிறது. ஆகவே 'அருகில் இருப்பவர்' என்றே எழுதுங்கள். 'அருகில் இருப்பவர்களில் ஒருவரைக் கைகாட்டி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்' என்றால் யாருக்கும் புரியும். பலர் தயங்குவது வழக்குக்கு அஞ்சித்தான்; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கையேட்டில் 'அருகில் இருப்பவர்' என்றே எழுதுகிறேன். முன்னுரையில் அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அங்கே மட்டும் 'கண்டோர்' இருக்கும்.